பெயர் சொல்வதை நிறுத்திய கருவி

வெள்ளவத்தை,
புதன்கிழமை.

அன்புள்ள றோஸிக்கு,

உமக்கும் அம்மாவுக்கும் ஆண்டவர் நல்ல சுகம் தருவாராக. உமது கால் வீக்கம் வற்றியதா? நான் சுகம்.

அலுவலகத்தில் ஒரு சிறிய விடயம். எங்கள் வலையமைப்பில் ஒவ்வொரு கருவியும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை, கேபிளின் மறுமுனையில் இருக்கும் கருவிக்குத் தன் பெயரைச் சொல்லும். அப்படிக் கேட்ட பெயர்களெல்லாம் அயலவர் பட்டியல் என்று ஒன்றில் பதிவாகும். திங்களன்று அதில் நாங்கள் பொருத்திப் பூட்டாத ஒரு கருவியின் பெயர் இருந்தது. வாடிக்கையாளர்களின் விபரங்கள் அதன் வழியே வெளியே போய்க்கொண்டிருந்தன. மேலதிகாரி றொஹானிடம் மட்டும் சொன்னேன்.

"பயப்படாதீங்கோ அண்ணை, நான் பார்த்துக்கொள்றன்," என்று சிரித்தார்.

செவ்வாயன்று பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. அது பூட்டியிருக்கும் கேபிளின் விளக்கு மட்டும் இன்னும் மினுங்குகிறது. கருவியை அகற்றாமல், பெயர் சொல்லாதே என்று அதன் வாயை அடைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டளையும், முதலில் கருவியைப் பூட்ட வழிவிட்ட கட்டளையும் என் கடவுச்சொல்லால் இடப்பட்டவை என்கிறது பதிவேடு. பூட்ட வழிவிட்ட கட்டளை இடப்பட்டது, நாம் மடு மாதா திருவிழாவில் நின்ற நாள். லீவில் வரும்போது கடவுச்சொல்லை றொஹானிடம் கொடுத்துவிட்டு வந்தவன் நானே.

அடுத்த திங்கள் என்னை விசாரிக்கிறார்கள். குரலை உயர்த்தமாட்டேன், அவரையும் மன்னிக்கமாட்டேன்.

மடுவில் எடுத்த படங்களைத் தம்பியின் கையில் கொடுத்தனுப்பும். கொஞ்சம் கருவாடும் வையும்; தனியே சாப்பிட மனம் வருவதில்லை. போனில் எதுவும் கதைக்கவேண்டாம், அது அலுவலகம் தந்த போன்.

தபாலுக்கு நேரமாகிறது. நான் அனுப்பியதாகச் சொல்லி யார் வந்தாலும் கதவைத் திறக்காதேயும்.

உமது,
றேமண்ட்