மேல் கட்டில் காலி

சிவமயம்

ஸ்ட்ரெதம், லண்டன்
12.05.1996

அன்பு மகள் பாமாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று வெஸ்ட் ஈலிங் அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனையைத் திறந்தேன். ஜூன் முதல் கிழமை உன் கப்பல் வடக்கே வெளிக்கிட்டுவிடும். அதன் பிறகு தபால் எப்போது உன் கைக்கு வருமோ தெரியாது. அதனால் இப்போதே கம்பனி விலாசத்துக்கு அனுப்புகிறேன். கூடவே ஒரு சின்னப் பார்சலும் வருகிறது. கடிதத்தை வாசித்து முடிக்காமல் அதை உடைக்காதே.

நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். அழ அழ உன்னைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவன் நான்தானே. இங்கிலீஷில் எழுதியிருக்கலாம். ஆனால் இங்கிலீஷில் எழுதினால் எனக்குச் சாட்டுகள் சுகமாக வந்துவிடும். முப்பது வருஷம் கந்தோர்களில் வேலைபார்த்து, மேலாளர்களுக்கு அந்தப் பாஷையில் சாட்டுச் சொல்லியே பிழைத்தவன். ஆகவே தமிழ்தான். பெரிய எழுத்தாகப் போடுகிறேன், மெல்ல வாசி.

வீட்டுப் புதினம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஹீட்டர் திரும்பவும் பழுது. கவுன்சில்காரன் வருகிறேன் வருகிறேன் என்கிறான், நான் கம்பளிச் சட்டையோடு சமைக்கிறேன். சமையல் என்று சொல்வதும் பாவம். சோறு ஒருநாள் கஞ்சி, மறுநாள் கல்லு. முன்வீட்டுச் சிவனேஸ்வரி அக்கா வெள்ளிக்கிழமைகளில் ஏதாவது கொண்டுவந்து தருவா. தந்துவிட்டு, மலர் இருந்தால் இப்படி இருப்பியளோ தம்பி என்று கேட்டுவிட்டுப் போவா. சாப்பாடு அதற்குப் பிறகு இறங்காது.

போன மாசம் அந்த அக்காவைத் துணைக்கு வைத்துக்கொண்டு அம்மாவின் அலுமாரியை ஒதுக்கினேன். அதற்குப் பிறகுதான் இந்தக் கடிதம் எழுதாமல் இருக்க ஏலாது என்று ஆனது.

ஜனவரியில் நீ வந்து நின்ற ஐந்து நாளை நினைத்துப் பார்க்கிறேன். நீ தென்துருவப் பக்கம் பனிக்குள் நின்றாய். கப்பலுக்கு ரேடியோவில் செய்தி சொல்லி, நீ விமானம் பிடித்து வந்துசேர ஒன்பது நாள். ஏழாம் நாளே அம்மாவை எரித்தாயிற்று. நீ ஒரு சொட்டும் அழவில்லை. போகிற அன்றைக்கு அம்மாவின் கதிரையில் இருந்து சப்பாத்துக்கு நூல் கட்டிக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்க்காமல், அம்மாவுக்கு நான் செய்யிற வேலை பிடிக்கேல்லை அப்பா, கூப்பிட்டும் ஒருக்கா வந்து பார்க்க மனமில்லை, என்றாய். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்ஸி வந்துவிட்டது என்று சொன்னேன்.

பிள்ளை, அம்மா வரமாட்டேன் என்று சொல்லவில்லை. அதை எழுதினவன் நான்.

வாதம் வந்து அம்மாவின் விரல்கள் மடங்கின நாளிலிருந்து உனக்கு வந்த கடிதம் எல்லாம் எப்படி எழுதப்பட்டவை என்று உனக்குத் தெரியும். அம்மா அடுப்படியில் நின்று சொல்லுவா, நான் மேசையில் இருந்து எழுதுவேன். முடிவில் ‘அம்மா சொல்ல, அப்பா எழுதியது’ என்று போடுவேன். 94ஆம் ஆண்டு ஜூனில் நீ அம்மாவைக் கூப்பிட்டு எழுதினாய். வடதுருவப் பக்கத்து ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகளுக்கு நாற்பது பேரை நான் வழிகாட்டிக் கூட்டிப்போகிற சின்னக் கப்பல், ஆடி மாசக் கடைசிப் பயணம், என்னுடைய அறையில் மேல் கட்டில் காலி, அம்மா வந்தால் நான் மேலே படுப்பேன், அவ கீழே படுக்கலாம் என்று எழுதியிருந்தாய். சூரியன் மறையாது, ரப்பர் வள்ளத்தில் கரைக்குப் போவோம், நான் துவக்கோடு முன்னுக்கு நடப்பேன், கரடி கண்ணில் பட்டால் எல்லாரையும் திருப்பிக் கூட்டிவருவேன் என்றும் எழுதினாய்.

அந்தக் கடிதத்தை அம்மா எத்தனை தரம் வாசித்தா என்று கணக்கில்லை. பனி உருகினால் கரடி எதைச் சாப்பிடும் என்று என்னைக் கேட்டா. எனக்கென்ன தெரியும், நானா கரடிக்குச் சமைக்கிறேன் என்று எரிந்து விழுந்தேன். அன்றைக்குப் பின்னேரமே பதில் சொல்லத் தொடங்கினா. அவ சொன்னது ஒன்று, நான் எழுதினது ஒன்று. ‘அம்மாவுக்குக் கடல் பயம், குளிரும் ஒத்துவராது, இந்த வேலையை விட்டு நீ வீட்டுக்கு வருவதுதான் அவவுக்குச் சந்தோஷம்’ என்று எழுதி, கீழே வழக்கம்போல ‘அம்மா சொல்ல, அப்பா எழுதியது’ என்றும் போட்டேன். பதினேழு வருஷம் தபால் கந்தோரில் கடிதம் பிரிக்கிற சோர்ட்டிங்கில் நின்று ஊரார் கடிதத்தை ஒன்றும் தவறாமல் சேர்ப்பித்தவன் நான்.

ஏன் என்று கேட்பாய். அம்மா கடக ராசி, அப்போது அட்டமத்துச் சனி. ஆடி மாசத்தில் நல்ல காரியத்துக்கு வாசல் தாண்டுகிற வழக்கம் நமக்கு இல்லை. அதிலும் கப்பல், அதிலும் ஐஸ். பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, 96இல் சனி மாறட்டும், அதன் பிறகு பார்ப்போம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சனி மாறத்தான் போகிறது என்று நான் நாள் எண்ணிக்கொண்டிருக்க, அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நெஞ்சு ஒரு மாதிரி இருக்குது என்றா. ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

ஆனால் சனியின் தலையில் முழுப் பழியையும் கட்டினால் அதுவும் பொய்தான். உண்மையைச் சொல்கிறேன். நீ என்னைக் கூப்பிடவில்லை. மேல் கட்டில் ஒன்றுதான், அது அம்மாவுக்குத்தான். டாக்டர் படிப்பை விட்டுவிட்டு மிருகம் பார்க்கப் போறவள் என்ரை பிள்ளையில்லை என்று சொன்ன வாய் இது. பிறகு எந்த முகத்தோடு கூப்பிடுவாய்? சரிதான். ஆனாலும் எரிந்தது. நீங்கள் இரண்டு பேரும் ஒரு அறைக்குள் இருந்து சிரித்துக் கதைப்பதை நினைக்க நினைக்க எனக்குப் பொறுக்கவில்லை. அறுபத்து மூன்று வயதுக் கிழவனுக்குச் சின்னப்பிள்ளைப் பொறாமை. வெட்கக்கேடு!

அம்மாவிடம் இன்னொரு பொய். நீ போன் எடுத்ததாகவும், கப்பல் நிரம்பிவிட்டது, பிள்ளை மனவருத்தப்படுறாள், மலர், நீ இதைப் பற்றி அவளிடம் கேட்டு நோகப்பண்ணாதை என்றும் சொன்னேன். அம்மா சரி என்றா. நீயும் பிறகு போனில் அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. ஒருத்தரை ஒருத்தர் நோகப்பண்ணக் கூடாது என்று இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள். அதுதான் எனக்கு வாய்ப்பாகப் போனது.

உன் பதில் போஸ்ட்கார்டாக வந்தது. தந்தம் நீண்ட அந்தக் கடல் மிருகம், வால்ரஸ், தாயும் குட்டியும் ஐஸ் கட்டியின் மேல் கிடக்கிற படம். ‘பரவாயில்லை அம்மா, பயமெண்டால் வரவேண்டாம்’ என்று ஒரே வரி. அதைப் பழைய பஞ்சாங்கத்துக்குள் ஒளித்து வைத்தேன். போன மாசம் அலுமாரி ஒதுக்கியபோது அந்தக் கார்ட் அம்மாவின் கைப்பைக்குள் இருந்தது, பாமா. மூலைகள் தேய்ந்து, ஆயிரம் தரம் எடுத்துப் பார்த்த மாதிரி. எப்போது கண்டெடுத்தா என்று தெரியாது. என் பொய் முழுவதும் அவவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறா.

அதே கைப்பைக்குள் ஃபொரஸ்ட் ஹில் பக்கம் போன பஸ் டிக்கெட்டுகள் ஒரு கட்டு. அக்காவைக் கேட்டேன். வியாழக்கிழமைகளில் அம்மா என்னிடம் கோயில் என்று சொல்லிவிட்டு, பஸ் மாறி மாறி, அங்கேயுள்ள மியூசியத்துக்குப் போனவவாம். நீ சின்னதில் பள்ளிக்கூடத்தோடு போய்ப் பார்த்துவந்து கதை கதையாகச் சொன்ன அந்தப் பஞ்சடைத்த வால்ரஸ் அங்கேதானே நிற்கிறது. அக்காவையும் ஒருக்கா கூட்டிப் போயிருக்கிறா. இதுக்குத் தோல் மடிப்பு மடிப்பாக இருக்கவேணுமாம் அக்கா, மகள் எழுதினவள், இவங்கள் பாவம் மூச்சுமுட்ட அடைச்சுப்போட்டாங்கள், என்று சொன்னவவாம். நானும் போன வியாழக்கிழமை போனேன். அதற்கு முன்னால் உள்ள வாங்கில் குந்தியிருந்தேன். சுற்றிவரப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடித் திரிந்தார்கள். காவலாளி வந்து ஐயா சுகமா என்று கேட்கும்வரை நான் அழுவது எனக்கே தெரியவில்லை.

அம்மா ஏன் இதை உன்னிடம் சொல்லவில்லை என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். சொல்லியிருந்தால் நீ இந்த வீட்டு வாசலை மிதித்திருக்க மாட்டாய். அப்பனும் பிள்ளையும் முற்றாகப் பிரிந்துவிடக் கூடாது என்று, தன்னை நீ பிழையாக நினைத்தாலும் பரவாயில்லை என்று இருந்துவிட்டா. எனக்கும் ஒரு வழி விட்டுத்தான் பார்த்தா. போன வருஷம் ஜூனில் ஒருநாள், உன் கப்பலுக்கென்று வாங்கி வைத்த கம்பளிக் காலுறையைக் கட்டிலில் பரப்பி வைத்துவிட்டு, ஜூன் வந்திட்டுது என்ன, என்று மட்டும் சொன்னா. நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்தேன். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் அவ அந்த வால்ரஸைக் கண்ணால் கண்டிருப்பா. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்கிறேன்.

பார்சலில் அந்தக் காலுறையும் ஒரு சோடி கையுறையும் இருக்கின்றன. மடங்கின விரல் உள்ளே போகவேண்டும் என்று அவவே பல்லால் கடித்துத் தையலைப் பிரித்து வைத்த கையுறை. உன் கைக்குப் பெரிதாக இருக்கும். வால்ரஸ் இருக்கிற தீவுக்கு இறங்கும்போது பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு போ. போஸ்ட்கார்டையும் வைத்திருக்கிறேன். அது உனக்கும் அவவுக்கும் உரியது.

மன்னிப்பு என்ற சொல்லை எழுதி எழுதி வெட்டினேன். நீ எனக்குப் பதில் எழுதாவிட்டால் அது நியாயம். மேல் கட்டிலைக் கேட்க எனக்கு வாயும் இல்லை. கவனமாக நட, துவக்கைக் கையை விட்டு வைக்காதே, ஈரச் சப்பாத்தோடு நிற்காதே. போகிற கடல் எல்லாம் அம்மன் உன் பக்கத்தில் நிற்கட்டும். அம்மாவும் நிற்பா.

ஒரு கடிதம் மட்டும் உனக்குக் கடன் இருக்கிறது. 94 ஜூனில் அம்மா அடுப்படியில் நின்று சொன்னதை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், இரண்டு வருஷம் பிந்திக் கீழே எழுதுகிறேன். மறந்துபோக எவ்வளவோ பார்த்தேன், முடியவில்லை.

“பிள்ளை பாமா, நான் வாறன். அப்பா ஏதும் சொல்லுவார், நீ அதைக் காதிலை போடாதை. அவருக்கு ரெண்டு கிழமைக்குக் காணச் சமைச்சு ஃப்ரீசரிலை வைச்சிட்டு வாறன். குளிர் எனக்குப் பழக்கம், இந்த வீட்டு ஹீட்டர் பழக்கினதுதானே. வெள்ளிக்கிழமையிலை நான் மச்சம் சாப்பிடேன் எண்டு சமையல்காரரிட்டைச் சொல்லிவை. ரப்பர் வள்ளத்திலை ஏறேக்கை என்ரை விரலைப் பிடிக்காதை, நோகும், முழங்கையிலை பிடி. அந்த வால்ரஸ் தாய் குட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நீந்தும் எண்டு எழுதினாய், அதை எனக்குக் காட்டு. கிட்டப் போக விடாட்டில் தூரத்திலை நிண்டு பாப்பம். நீ பக்கத்திலை நிண்டாச் சரி. கீழ்க் கட்டில் எனக்கு வேண்டாம், நீ நாள் முழுக்க நடந்து களைச்சு வருவாய், நீயே கீழை படு. நான் மேலை ஏறுவன்.”

இப்படிக்கு,
அம்மா சொல்ல, அப்பா எழுதியது.