அரிசி இல்லாத சமையலறை

ஜூன் 9

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மகனும் நானும் பிரிந்த பிறகு உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பேனா பழைய வழக்கத்தில் அத்தை என்றே எழுதிவிட்டது. முழங்கால் வலி தேவலையா?

இங்கே மறுபடியும் யானைகள். இந்தத் தடவை பள்ளிச் சமையலறைச் சுவரை இடித்து, அரிசி மூட்டைகளை வெளியே இழுத்துப் போட்டுத் தின்றிருக்கின்றன. வகுப்பறைப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. வனத்துறைக்காரர் அகழி வெட்டச் சொல்கிறார். ஊர்க்காரர்களோ, "வேலியில கரண்ட் குடுத்துடலாம் டீச்சர்" என்கிறார்கள். தொடுவது யானையா பிள்ளையா என்று கரண்டுக்குத் தெரியுமா? தலைமை ஆசிரியை என்று பெயர்தான். ஒன்றும் ஓடவில்லை.

உங்கள்,
மருமகள் (இந்தச் சொல்லை அடித்துவிடலாமா என்று யோசித்தேன்)


ஜூன் 18

என் கண்ணுக்கு,

அத்தை என்றே கூப்பிடு. பிரிந்தது நீங்கள் இரண்டு பேர். என்னை யார் கேட்டார்கள்?

கரண்ட் வேண்டவே வேண்டாம். மளிகைக்கடை வைத்திருந்தபோது எலியோடு நான் மல்லுக்கு நின்றதில்லை. மூட்டையைத்தான் இடம் மாற்றுவேன். யானையும் அரிசிக்குத்தானே வருகிறது? பள்ளியில் அரிசியே வைக்காதே.

என் மகனுக்கு மறுபடி கல்யாணம் முடிவாகியிருக்கிறது. நான் சிரிக்கவா அழவா, நீயே சொல்.

அத்தை


ஜூலை 20

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் சொன்னபடியே அரிசியை டவுனுக்கு அனுப்பிவிட்டுச் சமையலை நிறுத்தினேன். யானைகள் ஒரு தடவை வந்து, காலி அறையைத் துழாவிவிட்டுப் போய்விட்டன. கூடவே பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். பாதி வகுப்பு காலி. வீடு வீடாகப் போனேன். ஒரு தாய், "மத்தியானம் சோறு இல்லேன்னா ஆடு மேய்க்கவாவது போகட்டும் டீச்சர்" என்றாள். நான் யாரை எதிலிருந்து காப்பாற்றினேன் அத்தை?

பிறகு அவளே, "யானை வராத கீழ ஊர்ல ஆக்கிக் குடுத்தா நாங்க மேல தூக்கிட்டு வந்துடுவோம்" என்றாள். சாப்பிட்டதும் பாத்திரங்களைக் கீழேயே கொண்டுபோய்விடலாமாம். ஆனால் எங்கள் சமையல்கார அம்மா, அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்று வேலையை விட்டுவிட்டார்.

கல்யாணச் செய்தி வருத்தமா நிம்மதியா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் முன்னால் நின்று நடத்துங்கள்.

மருமகள்


ஆகஸ்ட் 14

என் கண்ணுக்கு,

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. வந்தவள் நல்ல பெண்தான். அவளைப் பிடித்துப்போனதில் உனக்குத் துரோகம் செய்கிறேனா என்று ஒரே குழப்பம். "இன்னும் அவளுக்கு என்னம்மா லெட்டர்?" என்று மகன் கேட்டான். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆகையால் இதோடு எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன்.

ஆனால் அங்கே வரக் கூடாது என்று அவன் சொல்லவில்லை. விசேஷங்களில் நூறு பேருக்கு ஆக்கிப் பழகிய கை இது. கீழ் ஊரிலேயே ஒரு அறை பார்த்து வை; மேடு ஏற முழங்கால் ஒத்துழைக்காது. நான் செய்வது சரியா தப்பா என்று எனக்கே விளங்கவில்லை. பஸ் எங்கே நிற்கும் என்று மட்டும் எழுது.

அத்தை