ஒரு வருஷம் கை வைக்காதே

மார்ச் 3

அன்புள்ள ராங்கிக்காரிக்கு,

போனில் பேச மாட்டேன், எழுதினால் படிக்கிறேன் என்றாய். எழுதுகிறேன். அச்சகத்தில் நாள் முழுக்க எழுத்தோடு மாரடிக்கிறவனுக்கு இந்த ஒரு கடிதத்துக்கு நாலு நாள் ஆனது. சிரிக்காதே.

எல்லாரும் சுகம் என்று எழுத இங்கே 'எல்லாரும்' யார் இருக்கிறார்கள்? நம் மகள், பொடிசு, காய்ச்சலில் போய்ப் பதினாறு மாதம். நீ போய் இரண்டு மாதம். நீ போனது என்னால்தான் என்று உன் அண்ணன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நான் என்ன செய்தேன் என்றுதான் விளங்கவில்லை.

பெர்மாகல்ச்சர் என்கிற இயற்கை வேளாண்மை வகுப்பில் சொன்னபடி, பாத்திரம் கழுவுகிற தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்பிவிட்டேன். அச்சகத்துச் சாமான்களையும் அந்த வகுப்புப் பாடப்படிதான் அடுக்கினேன். தினமும் தேவைப்படுவது கைக்கெட்டும் தூரத்தில், எப்போதோ தேவைப்படுவது கடைசி அறையில். முதலாளியே மெச்சினார்.

எப்போது வருகிறாய்? ஒரு வரி போடு.

உன் மெஷின்காரன்

மார்ச் 19

மெஷின்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் என்னைக் குழந்தைகள் வார்டில் போட்டிருக்கிறார்கள். நானே கேட்டு வாங்கினேன். ஊசி போட்டதும் வீறிடுகிற பிள்ளைகளைத் தூக்கிவைத்துக்கொள்கிறேன். என் கைக்கு அது வேண்டியிருக்கிறது.

என்ன செய்தேன் என்று கேட்கிறீர்கள். ஒன்றுமே செய்யவில்லை. அதுதான். அவள் போனபின் பதினாலு மாதம் ஒரே வீட்டில் இருந்தோம். அவள் பேரை நீங்கள் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிக் கேட்கவில்லை. என் தோளில் கை வைக்கவில்லை. நான் கண் கலங்கினால் எழுந்து போய்விடுவீர்கள். செடியில் ஓர் இலை பழுத்தால் மட்டும் மண்டியிட்டுப் பார்ப்பீர்கள். ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறீர்களே, என்னை எந்த அறையில் வைத்தீர்கள்?

வெயில் ஏறிவிட்டது. தலையை மூடாமல் சைக்கிளில் போகாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 24

என் ராங்கிக்கு,

இனி மறைத்துப் பயனில்லை. இதோடு நான் எழுதிவைத்த ஒரு நோட்டுப் புத்தகம் அனுப்புகிறேன். யாருக்கும் காட்டாதது.

பொடிசு போன மறுமாதம், மனசு மாறட்டும் என்று முதலாளி என்னை அந்த வகுப்புக்கு அனுப்பினார் அல்லவா, முதல் நாளே வாத்தியார் சொன்னார்: "வெந்து போன நிலமா இருந்தா, ஒரு வருஷம் கை வைக்காதீங்க. சும்மா பாருங்க. பாத்ததை எழுதி வைங்க. அவசரப்பட்டுக் கிளறினா இருக்கிற உயிரும் போயிடும்."

வீட்டுக்கு வந்து உன்னைப் பார்த்தேன். என் முரட்டுக் கை பட்டு நீ இன்னும் உடைந்துவிடுவாயோ என்று பயம் வந்துவிட்டது. அதனால் பார்த்தேன். தினமும் எழுதினேன். எத்தனை வாய் சாப்பிட்டாய், எந்த ஜன்னலருகே உட்கார்ந்தாய், எட்டாம் மாதம் எதற்கோ லேசாகச் சிரித்தாய், எல்லாம். வருஷம் முடிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும் என்றிருந்தேன். முடிந்தபோது எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். நீ பெட்டியைக் கட்டிவிட்டாய்.

அக்கறை இல்லாதவன் இல்லையம்மா நான். படித்துவிட்டு வந்துவிடு.

உன் முட்டாள் மெஷின்காரன்

ஏப்ரல் 6

அன்புள்ளவருக்கு,

நோட்டை மூன்று தடவை படித்தேன். உங்களைக் கல்நெஞ்சக்காரர் என்று அண்ணனிடம் சொன்னது தப்பு. மன்னித்துவிடுங்கள். கோபமெல்லாம் போய்விட்டது. அது இருந்தவரை, சண்டை போடவாவது ஒருநாள் திரும்பி வருவேன் என்று நினைத்திருந்தேன். இப்போது அதுவும் இல்லை.

நான் வரவில்லை. இங்கேயே நிரந்தரமாக இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நீங்கள் எழுதியதைத் திருப்பி எழுதுகிறேன். 'குளியலறையில் அழுகிறாள். வெளியே நின்றேன். இருபது நிமிடம். எனக்கும் தாங்கவில்லை. அவளுக்குக் கேட்காமல் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.' பக்கத்துக்குப் பக்கம் இப்படி இருக்கிறது.

உள்ளே நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? நம் மகளுக்காக அழ இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் மிச்சம் என்று.

அந்தக் கதவுக்கு நான் ஒருநாளும் தாழ்ப்பாள் போட்டதில்லை.

பொடிசின் அம்மா