மேலிருந்து பார்த்தால் சமவெளி

நாள் 188 · காலை 09:20

வெளி வெப்பம் மைனஸ் 96. காற்று இல்லை. ஆக்சிஜன் இயந்திரம் இரண்டில் ஒன்று ஓடுகிறது.

இதைக் கண்டெடுப்பவருக்கு: இது செவ்வாயின் தென்முனையில், பனி விளிம்பில் உள்ள ஆய்வு நிலையம். நான் ஷெரின் ஜெபகனி. பனியியல் ஆய்வாளர். வயது ஐம்பத்தொன்று. இங்கே இருவர் இருந்தோம். பொறியாளர் கோமதிநாயகம் போன வாரம் இறந்துவிட்டார். இறங்குதளத்தைத் தாண்டி வண்டியில் போனபோது பனித்தரை உடைந்தது. வண்டியோடு உள்ளே போனார். தரைக்கு அடியில் பார்க்கும் ராடார் அந்த வண்டியில்தான் இருந்தது.

படம் பிடிப்பது அவர் வேலை. இனி அதுவும் என்னுடையது. ‘தாரகை’ கப்பல் நால்வரோடு வந்துகொண்டிருக்கிறது. இறங்குமுன் தளத்தைத் தரையிலிருந்து எடுத்த காட்சிகளாகப் பார்க்க விரும்புகிறார்கள். இன்று எடுத்து அனுப்பினேன்.

நாள் 189 · பகல் 13:05

பூமியின் தரைக்கட்டுப்பாட்டிலிருந்து ஹபீப்:

“டாக்டர், வீடியோ வந்துச்சு. தப்பா எடுத்துக்காதீங்க, ஒண்ணுமே புரியல. ஒரே ஆட்டம். பைலட்டுக்குத் தல சுத்துதாம். உங்களுக்குச் சொல்லிக் குடுக்க ஒருத்தங்க வர்றாங்க. அவங்களாவே கேட்டு வந்தாங்க. கோமதி சாரோட வைஃப்.”

ஆக்சிஜன் இயந்திரத்தின் வடிகட்டியை மாற்றினேன். அழுத்தம் சற்றுக் குறைவு.

நாள் 190 · காலை 10:40

“மேடம், வணக்கம். நான் இசக்கியம்மாள். சினிமால கேமரா பண்ணுதேன். நீங்க எடுத்தத முழுசாப் பாத்தேன். முதல்ல ஒண்ணு, எதக் காட்டப் போறியன்னு உங்களுக்கே தெரியல. கேமராவத் தூக்குறதுக்கு முன்னால அத முடிவு பண்ணுங்க. பெறவு திரைய மூணு பாகமாப் பிரிச்சுக்கிடுங்க. தளத்துக்கு ரெண்டு பாகம் குடுங்க. வெறும் வானத்த யாரு பாக்கப் போறா?”

குரலில் அழுகை இல்லை. என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவராக இருப்பார். இறந்தவரைப் பற்றி ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நான் பேசி அது பூமியைச் சேரப் பதினெட்டு நிமிடம். பதிலுக்கு இன்னொரு பதினெட்டு. அவ்வளவு தூரத்தில் ஆறுதல் சொன்னால் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும்.

வானத்தைக் குறைத்து எடுத்தேன். பரவாயில்லை என்று வந்தது.

நாள் 192 · காலை 11:15

“எங்க ஆரம்பிச்சு எங்க நிப்பாட்டணும்னு தெரியாம கேமராவ நகத்தாதிய. ரெண்டு முனையும் தெரிஞ்சா கை தானா நிதானத்துக்கு வந்துரும். முழங்கைய விலாவோட ஒட்டி வைங்க. மூச்ச விட்டுக்கிட்டே நகத்துங்க. புடிச்சு வச்சா கை நடுங்கும்.”

விண்வெளி உடையில் முழங்கை விலாவோடு ஒட்டாது. மூச்சு மட்டும் அவர் சொன்னபடி. பலமுறை பயின்றேன். கைகளில் உணர்ச்சி குறைவாக இருக்கிறது. குளிராலா, வேறெதனாலா என்று சோதிக்கவில்லை.

நாள் 194 · பகல் 12:30

ஆண்டெனாக் கம்பத்தின் மீது ஏறி, உயரத்திலிருந்து தளத்தை எடுத்தேன். இடக்கோடி மார்க்கர் கொடியில் தொடங்கி வலக்கோடிக் கொடியில் நிறுத்தினேன். ஆட்டம் இல்லை. இறங்கி வந்து பார்த்தபோது, என் வாழ்நாளில் எடுத்த நல்ல படம் இதுதான் என்று தோன்றியது. தோன்றியதைப் பதிகிறேன், அவ்வளவே.

ஹபீப்: “சூப்பர் டாக்டர்! பைலட் ரொம்ப ஹேப்பி. தளம் பாக்க சும்மா தட்டு மாதிரி இருக்கு. இறங்கலாம்னு இங்க எல்லாரும் சொல்லிட்டாங்க.”

நாள் 195 · காலை 09:50

இசக்கியம்மாள் இன்று என்னை அக்கா என்றார்.

“அக்கா, படம் அழகா இருக்கு. ஆனா எனக்கு நம்பிக்க வரல. மேல இருந்து பாத்தா எல்லாம் சமமாத்தான் தெரியும். பள்ளத்த மறைக்கணும்னா நாங்களும் கேமராவத் தூக்கி உசரத்துலதான் வைப்போம். நீங்க கீழ வாங்க. முழங்கால் உசரத்துல வச்சு, பக்கவாட்டுல நகந்து எடுங்க. நின்ன எடத்துல திருப்புறது வேற, நகந்து போறது வேற. திருப்புனா எல்லாம் ஒண்ணாத் திரும்பும். நகந்தாத்தான் கிட்ட உள்ளது வெரசா ஓடும், தூரத்துல உள்ளது மெதுவா வரும். எது மேடு, எது பள்ளம்னு அப்பந்தான் புடிபடும்.”

இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய பாடம். பனிப் பாளங்களைப் படங்களில் அளந்தே முப்பது வருடம் ஓட்டினேன். அந்தப் படங்களை எடுத்தவர்கள் வேறு யாரோ.

பனி மாதிரிகளை இழுக்கும் சறுக்குப்பலகையில் கேமராவைக் கட்டினேன். சினிமாவில் டிராலி என்று சொல்வது இதைத்தான் போல. கம்பியைச் சுற்றி இழுக்கும் விஞ்சால் மெதுவாக இழுத்தால் ஆடாது. துருவத்தில் சூரியன் எப்போதும் தாழ்வு. நிழல்கள் நீளம். அது நல்லது என்றார் இசக்கியம்மாள்.

நாள் 196 · பகல் 14:10

எடுத்துவிட்டேன்.

மார்க்கர் கொடிகள் எல்லாம் ஒரே உயரம். கோமதிநாயகமும் நானும் சேர்ந்து தளம் முழுக்க வரிசையாக நட்டவை. பலகை நகர நகர, முன்வரிசைக் கொடிகள் திரையில் வேகமாக ஓடின. பின்வரிசை மெதுவாக வந்தது. நடுவில் உள்ளவற்றின் தலைகள் மட்டும் ஒவ்வொன்றாகக் கீழே போய், மறுபடி மேலே வந்தன. நிழல் அந்த இடத்தில் வளைந்தது.

தளத்தின் நடுப்பகுதி கிண்ணம்போல் உட்கார்ந்திருக்கிறது. இது வசந்தகாலம். அடியில் உறைந்திருந்த கரியமில வாயு ஆவியாகி வெளியேறுகிறது. மேலோடு மட்டும் நிற்கிறது. வண்டியையே தாங்காத தரை கப்பலைத் தாங்காது.

பகல் 15:30

இதை அனுப்பினால் கப்பல் மாற்று இடத்தில் இறங்கும். அது நானூறு கிலோமீட்டர் வடக்கே. அங்கிருந்து அவர்கள் வண்டியைப் பூட்டி என்னிடம் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். என் ஆக்சிஜன் இயந்திரம் அவ்வளவு நாள் ஓடாது.

அனுப்பாவிட்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. கம்பத்திலிருந்து எடுத்த படத்தை ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

தட்டைக் கழுவினேன். வடிகட்டியைப் பார்த்தேன். உப்புமாப் பொட்டலத்தைச் சூடாக்கினேன். பாதியை மூடி வைத்தேன்.

மாலை 17:45

கோமதிநாயகம் கடைசியாக ரேடியோவில் சொன்னது: “டாக்டர், தரை—”

அதற்குப் பிறகு வந்த அமைதியை நான்கால் பெருக்கிப் பார்த்தேன். ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அழுகை வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

அனுப்பிவிட்டேன்.

நாள் 197 · காலை 08:30

ஹபீப்: “டாக்டர்... பாத்தோம். திரும்பத் திரும்பப் பாத்தோம். கப்பல வடக்க திருப்பச் சொல்லிட்டாங்க. நான் உங்களுக்காகச் சண்ட போட்டேன். வேற வழி இல்லன்னுட்டாங்க. மன்னிச்சுருங்க.”

பதில் அனுப்பினேன்: சரியான முடிவு. பெற்றுக்கொண்டேன்.

காலை 09:10

“அக்கா, நீங்க அனுப்புனது என்னன்னு உங்களுக்குத் தெரியும்லா? தெரிஞ்சுதான அனுப்புனிய? நான் பாடம் எடுக்காம இருந்திருந்தா... இல்ல, அப்படிச் சொல்லக் கூடாது. அந்த நாலு பேருக்கும் வீடு இருக்கு.”

முதல்முறையாக அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

அவர் கேட்காததைச் சொன்னேன். உங்கள் கணவருக்கு வலி தெரிய நேரம் இருந்திருக்காது. இது ஆறுதல் அல்ல, ஆழத்தை வைத்துப் போட்ட கணக்கு.

நாள் 205 · காலை 10:00

தாரகை வடக்கே பத்திரமாக இறங்கியது. நால்வரும் நலம். வண்டியைப் பூட்டத் தொடங்கிவிட்டார்கள். நடந்தாவது வருவோம் என்று பைலட் செய்தி அனுப்பினார். நடக்க வேண்டாம் என்றேன்.

ஆக்சிஜன் அழுத்தம் நேற்றைவிடக் குறைவு. உறங்கும் பகுதியை மூடிவிட்டேன். கூடத்தில் மட்டும் இருக்கிறேன்.

நாள் 211 · பகல் 12:20

இசக்கியம்மாள் தினமும் பேசுகிறார். பாடம் என்று எதுவும் இல்லை. இன்று அவர் வீட்டு மாடியில் மழை. அதை எடுத்து அனுப்பியிருந்தார். கேமரா ஓரிடத்திலேயே நின்றது. அவசரம் இல்லாத படம்.

“அக்கா, இத்தன நாளும் நீங்க எடுத்தியள்லா, ஒண்ணுலகூட நீங்க இல்ல. ஒரு தடவ கேமராவ வச்சுட்டு முன்னால வந்து உக்காருங்க. பேசக்கூட வேண்டாம். உங்க மொகத்தப் பாக்கணும் எனக்கு.”

மேசையில் ஸ்டாண்டை வைத்து இறுக்கினேன். எனக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலில் தூரத்து மலை. முகத்துக்கு இடப்பாகம், மலைக்கு வலப்பாகம். வந்து உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். பேசவில்லை. தலைமுடியை மட்டும் ஒருமுறை ஒதுக்கிக்கொண்டேன்.

பகல் 14:00

அனுப்புமுன் ஓட்டிப் பார்த்தேன்.

தொடக்கத்தில் மலையுச்சி ஜன்னலின் நடுவில். பாதியில் அதற்குச் சற்று மேலே. முடிவில் மேல் விளிம்பைத் தொடுகிறது. நான் அசையவில்லை. மேசை அசையவில்லை. ஸ்டாண்டின் திருகு இறுக்கமாகவே இருக்கிறது.

மலை ஏறாது. நிலையம் ஜன்னல் பக்கமாகச் சாய்ந்து இறங்குகிறது.

பகல் 14:25

ஹபீபுக்கும் தாரகைக்கும் அனுப்பிவிட்டேன். இறங்கும் வேகத்தை இதில் அளக்கலாம். வண்டி இந்தப் பக்கம் வரக் கூடாது. இசக்கியம்மாளுக்குத் தனியாக, முதல் நிமிடத்தை மட்டும் வெட்டி அனுப்பினேன். அதில் மலை நடுவில்தான் இருக்கிறது.

பகல் 15:10

கேமராவை மறுபடி ஓடவிட்டிருக்கிறேன். நேரடியாகப் போய்க்கொண்டிருக்கிறது. சுவரில் எங்கோ சத்தம். உட்கார்ந்தபடி எழுதுகிறேன்.

ஜன்னலில் மலை இல்லை. பனி மட்டும். முதலில் வெள்ளை. இப்போது நீலம்.

ஹபீப், பார்ப்பவர்களிடம் சொல்லுங்கள். இது கேமராவின் நகர்வு அல்ல. நான் கேமராவை அசைக்க