மூன்று கறுப்புக் கட்டைகள்

மார்ச் 4
கீபோர்டு வாத்தியார் இன்று மேஜர் ஸ்கேல் என்றால் என்னவென்று சொன்னார். முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை. பலமாகத் தலையாட்டினேன். ஒரு மண்ணும் புரியவில்லை. இருபது வருடமாகச் சட்டை தைக்கிறவளுக்கு முழுக்கை, அரைக்கை தெரியும், இது என்ன முழு, அரை?

மார்ச் 7
என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகி நாலு மாதம். பேச்சு வந்துவிட்டது, பாட்டு வரவில்லை. "குரல் இறங்கிடுச்சு, பழைய உயரத்துக்குப் போகாது" என்று டாக்டர் சொன்னதிலிருந்து குளிக்கும்போதுகூட முணுமுணுப்பதில்லை. வீடே ஊமையாகிவிட்டது. அவர் பாட்டைக் கீழே இறக்கி நான் வாசித்தால் பாடுவார். பாடுவாரா? அதற்குத்தான் இந்த வயதில் இந்தக் கூத்து.

மார்ச் 11
எனக்குத் தெரிந்தது ஸி என்ற கட்டையில் தொடங்கும் ஸி மேஜர் ஒன்றுதான். எல்லாம் வெள்ளைக் கட்டை, கறுப்பைத் தொடவே வேண்டாம். இன்று அதே பாட்டை இரண்டு வெள்ளைக் கட்டை கீழே தள்ளி, ஏ-யில் தொடங்கினேன். அவர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, பாட்டு இப்படி அழுது வடியுது?" கதவைச் சாத்திக்கொண்டார்.
ஒரு விரல்கூடத் தப்பலையே! நான் என்னதான் பண்றேன்?

மார்ச் 12
மண்டை காய்கிறது.

மார்ச் 14
வாத்தியாரிடம் சண்டையே போட்டேன். "வெள்ளைன்னா முழு, கறுப்புன்னா அரை, அப்படித்தானே?"
சிரித்தார். "கலரைப் பாக்காதீங்கக்கா, இடைவெளியைப் பாருங்க. ஒட்டின கட்டைக்குப் போனா அரை. நடுவுல ஒண்ணை விட்டுப் போனா முழு."
வெள்ளையிலேயே இரண்டு இடத்தில் நடுவே கறுப்பு கிடையாது, அங்கே அரைதானாம். ஸி-யில் தொடங்கினால் அந்த இரண்டும் தானாகவே சரியான இடத்தில் விழும். ஏ-யில் தொடங்கினால்? வீடு வரும்வரை குழம்பினேன்.

மார்ச் 17
கடையில் பேட்டர்ன் அட்டையைத் துணிமேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். துணி எந்த நிறமானாலும் அட்டை ஒன்றுதான் — கத்தரியை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.
கறுப்பும் வெள்ளையும் ஒரே வரிசையாக நிற்கிற பின் ஓரத்தில் ஒரு நீள அட்டையை வைத்து ஸி மேஜருக்கு எட்டுக் கோடு கிழித்தேன். அப்படியே ஏ-க்கு நகர்த்தினேன். மூன்று கோடுகள் கறுப்பில் போய் நின்றன. நான் தொடாமல் விட்ட மூன்று. வாசித்தேன். பாட்டு அழவில்லை, நான்தான் அழுதேன்.

மார்ச் 18
சரி, இந்த இடைவெளி மட்டும் ஏன் சந்தோஷமாகக் கேட்கிறது?

மார்ச் 20
சாயங்காலம் வாசித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார். நான் திரும்பவில்லை. முதல் வரியைப் பாடினார். இரண்டாவதில் குரல் உடைந்தது. போச்சு, போய்விடுவார் என்று நினைத்தேன். தொண்டையைச் செருமினார்.
"இன்னும் கொஞ்சம் கீழ இறக்கும்மா."
அட்டையை நகர்த்தினேன்.