மாதேவியார் மாளிகைக் கதவு

திரு நிலைபெறுக. கருமணலாற்றின் இருகரையும் ஒரு குடைக்கீழ்க் காப்பவரும், இப்போது வடபாசறையில் எழுந்தருளியிருப்பவருமான வெண்கோடப் பெருமானார் திருமுன்பு, தலைநகராம் வேங்கைமூதூரிலிருந்து திருப்பணி அமைச்சன் மாறங்காரி சாத்தன் அடிவணங்கி விடுக்கும் ஓலை. பாசறையில் யானையும் குதிரையும் நலமாயிருக்க. வீரர் புண்கள் ஆறுக. பெருமானார் திருமேனியை நோய் அணுகாதிருக்க. நகரில் மழை உண்டு, நெல்லும் உண்டு. சாத்தனுக்குத்தான் உறக்கம் இல்லை.

பட்டத்து அரசியார் ஆம்பல்மாதேவியார் தம் தந்தையார் நாட்டுக்கே மீளப்போவதாக உரைத்த நாள் முதல், அவர் மனம் இங்கே நிலைக்கும்படி அவர் மாளிகையை அழகு செய்க என்று பெருமானார் ஓலைமேல் ஓலை விடுத்தருளினார். சுவர் பச்சையாகட்டும் என்று வந்தது. சாத்தன் பச்சை பூசுவித்தான். பச்சை வேண்டா, சந்தன நிறமே தகும் என்று வந்தது. சுரண்டி மறுபடி பூசுவித்தான். முற்றத்தில் தாமரைக்குளம் வெட்டச் சொல்லி, வெட்டியபின் கொசு மொய்க்கும் என்று தூர்க்கச் சொன்னதையும் செய்தான். தூண்கள் இழைக்கப்பட்டன, சாளரங்கள் அகலமாயின, கதவுக்குச் சாயம் ஏறியது, கூரையில் கொடியோவியம் படர்ந்தது. தச்சரும் ஓவியரும் இன்று ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. பெருமானார் நிற்கும் போர்க்களத்தைவிடச் சாத்தன் நிற்கும் களம் கொடிது என்றால் பிழை பொறுத்தருள வேண்டும்.

ஒவ்வொரு பணியும் முடிந்தபோது மாதேவியார் வந்து நோக்கி, நன்றாகவே இருக்கிறது என்று கனிவோடு அருளினார். ஆயினும் புறப்பாட்டை நிறுத்தினாரில்லை. தந்தையார் அனுப்பிய பல்லக்கு கீழைவாயிலில் நிற்கிறது. அவர் போனால் இருநாட்டு உறவும் அவரோடு போகும் என்பதைப் பெருமானார் அறிவார்.

சென்ற வெள்ளியன்று, கூரையோவியத்தில் ஓர் இலை உதிர்ந்தது என்று கேட்டுச் சாத்தன் சாரத்தில் ஏறினான். விளக்கேற்றும் வேளை வந்ததை அவன் கவனிக்கவில்லை. பெருமானாரின் முப்பாட்டனார் காலத்து வழக்கப்படி, வாயிற்காவலர் அந்தப்புரக் கதவைச் சாத்தி, வெளிப்புறத் தாழை இட்டனர். சாத்தன் தட்டினான், பெயரைச் சொன்னான், பதவியையும் சொன்னான். பெருமானார் கட்டளையின்றி விடியுமுன் திறக்க இயலாது என்று காவலர் பணிவோடு மறுமொழி கூறினர். அவர்கள் கடமையையே செய்தார்கள். அவர்மேல் குற்றம் இல்லை.

உள்ளறையிலிருந்து மாதேவியார் தம் தோழி வழியே தண்ணீரும் பாயும் அனுப்பினார். மணம் முடித்து வந்த புதிதில் தாமும் அவ்வாறே தட்டியதாகவும், கை வலித்தபின் விட்டுவிட்டதாகவும், ஆதலின் அமைச்சரும் கையை வருத்திக்கொள்ள வேண்டா என்றும் சொல்லியனுப்பினார். விடியும்வரை சாத்தன் முன்கூடத்தில் உட்கார்ந்து, தான் இழைப்பித்த தூண்களையும் தான் பூசுவித்த சுவரையும் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் அழகாகவே இருந்தன. அவனுக்கு மூச்சு முட்டியது. இத்தனை காலம் அந்தக் கதவுக்குச் சாயம் தீட்டினோமே, அது எந்தப் பக்கம் பூட்டுகிறது என்று பார்த்தோமில்லையே என்று நெஞ்சு கொதித்தது. அழுததையும் அவன் மறைக்கவில்லை.

கதவு திறந்ததும் வீட்டுக்குப் போகாமல் தச்சரை அழைத்தான். வெளித்தாழைக் கழற்றுவித்து, உட்புறத்தில் பொருத்துவித்தான். ஆணை பெறாமல் முன்னோர் வழக்கை மாற்றிய குற்றம் அவனுடையதே. அதற்குத் தலையைக் கேட்டாலும் தருவான், பதவியைக் கேட்டாலும் தருவான். பதவியைக் கேட்டால் சற்று மகிழ்ந்தே தருவான். அன்று மாலை காவலர் வழக்கம்போல் வந்து, தாழைக் காணாமல் விழித்து நின்றனர். சிறிது பொழுதில் உள்ளிருந்து தாழிடும் ஓசை கேட்டது. மறுநாள் மாதேவியார் பல்லக்குச் சுமப்போரை இன்னும் சிலகாலம் தங்கி இளைப்பாறச் சொன்னார். இருப்பாரா, போவாரா என்று சாத்தன் வினவியதற்கு, விடையைப் பெருமானாருக்கே எழுதுக என்றருளினார்.

இனி வருவது மாதேவியார் திருவாக்கு. சாத்தன் இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை. பெருமானார் போர் முடித்து மீளும் நாளில், காவலரைக் கூவாமல், தம் கையாலேயே கதவைத் தட்டி, அது திறக்கும்வரை வெளியே நிற்க வேண்டும். நின்றாரா என்று கண்ட பின்பே பல்லக்குக்கு விடை சொல்லப்படும். இது வேண்டுகோள் அன்று, கட்டளை. இலச்சினை இட்டது மாதேவியார் கை.