ஒரே வரிசையில் எல்லா மாமிகளும்

3.4.2006, திங்கள்

கீழ்க்கட்டளை ஸ்டுடியோ சந்திரிகா அக்கா ஆபீசுக்கு போன் செய்தார். எங்கள் ஆல்பம் சாஃப்ட்வேர் ஒரு படத்தைத் திறந்ததும் மூடிக்கொள்கிறதாம். "இன்னா மஹீன், ஒரு மாமி வுட்டுப்போனாலும் சண்டைக்கு வராங்கன்னு மூணு படத்த ஒட்டி நீட்டமா பண்ணேன். அது மட்டும் தொறக்க மாட்டேங்குது." நிக்காஹில் பெண்கள் பக்கம் படம் எடுக்க எங்கள் ஆட்கள் அவரைத்தான் நம்புவார்கள். ஆண்கள் கண்ணில் படாமல் ஆல்பம் வீடு வந்து சேரும்.

5.4.2006

கண்டுபிடித்துவிட்டேன். படம் திறக்கும் பகுதியை யாரோ நெட்டிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். படத்தின் ஒரு வரிசைப் புள்ளிகளுக்கு இவ்வளவு என்று மெமரியில் இடம் ஒதுக்குகிறது. படம் அதைவிட அகலமா என்று பார்ப்பதே இல்லை. மாமிகள் பக்கத்து இடத்துக்கும் வழிந்துவிட்டார்கள். தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

6.4.2006

இன்று சிரிப்பு வரவில்லை. வேண்டுமென்றே ஒருவன் அப்படி ஒரு படம் செய்து, பிரிண்ட் போடச் சொல்லி மெயிலில் அனுப்பினால்? வழிகிற இடத்தில் தன் கட்டளையை வைத்தால், அக்காவின் மெஷின் அவன் பேச்சைக் கேட்கும். அந்த மெஷினில் எத்தனை பெண்களின் படங்கள், முக்காடு இல்லாமல். முதலாளி சம்பத் சாரிடம் சொன்னேன். "சீசன் டைம்ல பேஜார் பண்ணாதம்மா. அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம். கஸ்டமர்கிட்ட மூச்சு விடாத."

8.4.2006

சொன்னா வேலை போயிடும். சொல்லலைன்னா — இந்த மாசம் கைனாத்துக்கு நிக்காஹ். தங்கச்சி படமும் அந்த மெஷின்லதானே ஏறும்? அடுத்த வீட்டுப் பொண்ணுன்னா மட்டும் பரவாயில்லையா?

10.4.2006

கீழ்க்கட்டளை போய்ச் சொல்லிவிட்டேன். பயமாகத்தான் இருந்தது. அக்கா மேஜைக்கடியில் குனிந்து நெட் ஒயரைப் பிடுங்கினார். "உங்க சார் சொல்லி வந்தியா?" இல்லை என்றேன். கடைப் பையனிடம் எனக்கு டீ வாங்கி வரச் சொன்னார்.

12.4.2006

அக்கா மற்ற ஸ்டுடியோக்களுக்கும் சொல்லியிருக்கிறார். ஆபீஸ் போன் ஓயவில்லை. சார் கத்தவில்லை. "நாளைலேர்ந்து வர வேணாம்." வீடு இருக்கும் தாம்பரத்தில் இறங்க மனசில்லாமல் ரயிலில் பெருங்களத்தூர் வரை போய்த் திரும்பினேன்.

23.4.2006, ஞாயிறு

கைனாத் நிக்காஹ். சந்திரிகா அக்கா பழைய ரோல் கேமராவோடு வந்தார். உம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏன், கம்ப்யூட்டர் ஆல்பம் இல்லியா?"

"மஹீன் சரின்னு சொல்லட்டும்மா. அப்பாலதான் அதுல ஏத்துவேன்."

நான் இப்போது அந்த ஆபீசில் இல்லை என்பது அக்காவுக்குத் தெரியும். உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உம்மா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கைனாத்தின் முக்காட்டை விலக்கிவிட்டு, "எடும்மா" என்றார்.